வெள்ளைத் துணி கட்டிய பாட்டில்

விலைக்கு வாங்கிய தண்ணீரில் சாயம் போடாத பட்டறை திருப்பூரில் ஏது? விலைக்கு வாங்கிய தண்ணீரைச் சுத்திகரித்த தண்ணீர் என்று காட்டி நல்ல பெயர் வாங்கப் பார்த்தவர் மட்டும் அநேகமாக நாச்சிமுத்து ஒருவராகத்தான் இருப்பார்.

நாச்சிமுத்துவுக்கு வீடு ராயபுரத்தில், சாயப்பட்டறை நெருப்பெரிச்சல் போகிற ரோட்டில். அறுபது பேர் வேலை செய்தார்கள். அந்த 1996ஆம் வருஷம் ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போய், கடைசியில் பெரிய ஆர்டர் என்று ஹாலந்துக் கம்பெனி ஒன்றுதான் மிச்சம் நின்றது. அறுபதாயிரம் டீ-ஷர்ட்டுக்குத் துணி. அந்தக் கம்பெனிக்காரர்கள் கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். வெளியிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்து, கழிவுத் தண்ணீர் எப்படி, பாய்லர் எப்படி, கரண்டு எவ்வளவு இழுக்கிறது என்று பட்டறையைத் தலைமுதல் கால்வரை பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை வந்தால் ஆர்டர். வராவிட்டால் பாதிப் பட்டறையை மூடிவிட்டு முப்பது பேரை வீட்டுக்கு அனுப்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

கோயமுத்தூரில் ராக்கையா என்ற எஞ்சினியரைப் பிடித்தார். பிடித்த அன்று தெம்பாகத்தான் இருந்தார். மறுநாள் டீக்கடையில், பக்கத்துப் பட்டறைக்கு வந்த ஒரு கன்சல்டன்ட் மூன்று பக்கம் நிறையக் குறைகளை எழுதி வைத்துவிட்டுப் போன கதையைக் கேட்டார். அதோடு அவருக்குச் சோறு இறங்கவில்லை. நம் குறையை எழுதுவதற்கு நாமே ஆளைக் கூலிக்குக் கூப்பிட்டிருக்கிறோமே, இது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிற காரியமல்லவா என்று புலம்பினார்.

ஆடிட்டுக்கு முதல் நாள் காலையில், மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, பட்டறையின் பின்னால் இருந்த சுத்திகரிப்புத் தொட்டிகளுக்குப் போனார். தொட்டி கட்டி இரண்டு வருஷம் ஆகிறது. அவர் அங்கே வந்தது அது நான்காவது தடவை. மற்ற நாளெல்லாம் அது மாரக்காளின் ராஜ்ஜியம். முன்பு பாய்லருக்கு விறகு சுமந்துகொண்டிருந்தவள் மாரக்காள். நாற்றத்துக்குப் பயந்து வேறு யாரும் தொட்டிப் பக்கம் போகாததால் அவளிடம் அந்த வேலை வந்து சேர்ந்தது. சாயக் கழிவில் சுண்ணாம்பும் அன்னபேதியும் கலக்கி, சாயத்தைச் சேறாக அடியில் உட்கார வைத்து, மேலே தெளிந்த தண்ணீரைக் கடைசித் தொட்டிக்கு விடுவாள்.

கடைசித் தொட்டியை எட்டிப் பார்த்தார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் லேசாக மஞ்சள் தட்டுகிறதோ என்று ஒரு சந்தேகம். பயந்தவன் கண்ணுக்கு எல்லாம் மஞ்சள்தான்.

"மாரக்கா, இந்தத் தண்ணிய நாளைக்கு அவருக்குக் காட்ட முடியாது. எல்லாத்தையும் பம்பு பண்ணி எடுத்துரு. தொட்டியக் கழுவி உடு. அவினாசிப் பக்கமிருந்து ரெண்டு லாரி நல்ல தண்ணி வருது, அதை நெரப்பிப் போடு."

மாரக்காள் கையிலிருந்த, தொட்டி கலக்குகிற துடுப்பைக் கீழே வைத்தாள். "ஏனுங்க மொதலாளி, நம்ம தண்ணிக்கு என்னங்க கொறச்சல்? நல்லாத்தானுங்க இருக்குது."

"உனக்கென்ன தெரியும்? வாறவரு எம்.டெக் படிச்சவரு."

அப்போதுதான் சுவரோரம் பலகையில் வரிசையாக நின்ற பாட்டில்கள் அவர் கண்ணில் பட்டன. முப்பது இருக்கும். பழைய கலர் பாட்டில், சர்பத் பாட்டில், மருந்து பாட்டில் என்று கண்ட கண்ட பாட்டில்களில் தண்ணீர். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பனியன் துணிக் கந்தல் கட்டியிருந்தது. சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை.

"இதென்ன குப்பை! இதையெல்லாம் தூக்கி எறிஞ்சுபோடு. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு பாதி வழி திரும்பியிருந்தார்.

மறுநாள் ராக்கையா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் ஒரு ஜோல்னாப் பை, கையில் சோற்று டப்பா. கார் வரும் என்று கேட்டை அகலத் திறந்து வைத்திருந்த நாச்சிமுத்துவுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. ராக்கையா சிவகங்கைப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயது, பேச்சில் சிரிப்பு அதிகம். சிரிக்கிற ஆள் குறை எழுத மாட்டார் என்று நாச்சிமுத்து மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

முதலில் பாய்லர். அங்கிருந்து சாயத் தொட்டிகளுக்கு நீராவி போகிற இரும்புக் குழாய் நூறடி நீளத்துக்குப் போர்வையில்லாமல் கொதித்துக்கொண்டு கிடந்தது. அதன்மேல் வரிசையாகத் தூக்குப்போசிகள். மத்தியானச் சோறு சூடாவதற்காக ஆட்கள் வைத்தவை.

"என்னண்ணே, வெறகு பாதி சாயத்துக்கு எரியுது, பாதி சாம்பாருக்கு எரியுதே!" என்றார் ராக்கையா. "குழாய்க்கு மேல பஞ்சுப் போர்வை சுத்தணும். வெறகு நெறைய மிச்சமாகும்."

"சுத்திப் போடறனுங்க, நாளைக்கே சுத்திப் போடறனுங்க" என்றார் நாச்சிமுத்து. அவர் மனசெல்லாம் தொட்டியில் இருந்தது. தொட்டியைப் பார்த்தால் மனுஷர் அசந்துபோவார் என்று உள்ளுக்குள் ஒரு குஷி.

ராக்கையா அசந்துதான் போனார். அடி தெரிகிற அளவுக்குப் பளிங்காக இருந்தது தண்ணீர். பையிலிருந்து பேனா மாதிரி, உப்பு அளக்கிற ஒரு கருவியை எடுத்து, முதலில் சாயக் கழிவு வந்து விழுகிற தொட்டியில் முக்கினார். "ஆறாயிரத்து எண்ணூறு." நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு கடைசித் தொட்டியில் முக்கினார். கருவியை உதறிவிட்டு இன்னொரு தடவை முக்கினார்.

"நானூத்தி இருபது" என்று நிமிர்ந்தார். "அண்ணே, உப்பு எங்கிட்டு போச்சு?"

"எந்த உப்புங்க?"

"சாயம் துணியில பிடிக்கறதுக்கு மூட்டை மூட்டையா உப்புப் போடுறீங்கள்ல, அந்த உப்பு. உள்ள வர்ற தண்ணியில இருக்கு. வெளிய போற தண்ணியில காணோம்."

நாச்சிமுத்து சுண்ணாம்புப் பக்கெட்டைக் காட்டினார். "எங்க மாரக்கா சுண்ணாம்பு கொஞ்சம் நல்லாவே போடுவாளுங்க."

ராக்கையா சத்தம் போட்டுச் சிரித்தார். "சுண்ணாம்பு சாயத்தப் பிடிச்சு உக்கார வைக்கும்ண்ணே. உப்பைத் தொடாது. சுண்ணாம்பைப் போட்டு உப்பை எடுக்க முடியும்னா ராமேஸ்வரத்துல ஒருத்தனும் குடிதண்ணிக்கு அலைய மாட்டான்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நோட்டை மூடினார். "இது இந்தத் தொட்டியில தெளிஞ்ச தண்ணி இல்ல. இதை நான் நல்ல தண்ணின்னு எழுதுனா பொய். தண்ணிய மாத்திட்டாங்கன்னு எழுதுனா உங்க ஆர்டர் போயிரும். நான் ஒண்ணும் எழுதாமக் கெளம்புறேன்."

சாயப்பட்டறைக்காரரின் சாயம் அவர் பட்டறையிலேயே வெளுத்துவிட்டது. நாச்சிமுத்துவுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. அறுபது பேரும் கண்முன் வந்து நின்றார்கள். அதில் முப்பது பேரிடம் நாளைக்கு என்ன சொல்வது? கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தது வாயில் மண்ணைப் போட்டுவிட்டதே என்று அவருக்கு அழுகையே வந்தது.

"பயந்துட்டனுங்க" என்றார். "ராத்திரியோட ராத்திரியா லாரித் தண்ணிய ஊத்தச் சொன்னது நாந்தானுங்க. மாரக்கா வேண்டாம்னுதான் சொன்னா."

"சரி, உங்க தண்ணி நெசத்துல எப்படி இருக்கும்?"

நாச்சிமுத்து யோசித்துப் பார்த்தார். "தெரியாதுங்க" என்றார். முப்பது வருஷத் தொழிலில் அவர் சொன்ன பதில்களிலேயே சொல்வதற்குச் சிரமமாக இருந்த பதில் அதுதான்.

"எனக்குத் தெரியுமுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மாரக்காள் உப்புக் குடோனுக்குள் போய், சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடை நிறைய அதே பாட்டில்கள். "எறியச் சொன்னாங்க. மனசு வரலீங்க."

பலகையில் ஒவ்வொன்றாக வரிசை குலையாமல் அடுக்கினாள். "தெனம் ஒரு பாட்டலுங்க. அன்னிக்கு என்ன சாயம் ஓடுதோ அந்தத் துணியக் கொஞ்சங் கிழிச்சுக் கழுத்துல கட்டிருவனுங்க. எனக்கு எழுதத் தெரியாதுங்களே. நேத்துத் தண்ணிக்கு இன்னிக்குத் தண்ணி எப்படின்னு பாத்துக்கலாம். மாசம் ஆச்சுன்னா பழச ஊத்திக் கழுவிப்போட்டுப் புதுசு புடிச்சு வெச்சுக்குவனுங்க. இந்தாங்க, இது கருப்பு ஓடுன அன்னிக்கு. கருப்புக்குச் சுண்ணாம்பு ரெண்டு பக்கெட்டு சேத்தி வேணுமுங்க. செவப்புதான் லேசுல அடங்காதுங்க, அரைமணி நேரம் கூடுதலாக் கலக்கோணும்."

ராக்கையா மூடிய நோட்டைத் திறந்தார். கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கருவியை முக்கினார். உப்பு இருந்தது, எல்லாவற்றிலும். சாயம் எதிலும் இல்லை.

"அக்கா, இப்ப வந்து விழுந்த தண்ணி தெளிய எவ்வளவு நேரமாகும்?"

"சாயங்காலம் ஆயிருமுங்க."

"இருக்கேன். பாட்டிலை மட்டும் நம்பி எழுத முடியாது. என் கண்ணால பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, ராக்கையா தன் சோற்று டப்பாவைக் கொண்டுபோய் அந்த நீராவிக் குழாய்மேல் வைத்துவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் வரை நாச்சிமுத்துவும் தொட்டிக் கரையைவிட்டு நகரவில்லை. துண்டு தோளிலேயே கிடந்தது. மாரக்காள் துடுப்புப் போடுவதையும், கையில் தண்ணீரை அள்ளி வெளிச்சத்தில் பார்ப்பதையும், கருநீலச் சேறு மெல்ல மெல்ல அடியில் இறங்குவதையும் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். இவ்வளவு நல்ல வேலையை வைத்துக்கொண்டா பயந்து செத்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. சந்தோஷமும் கூடவே வந்தது.

பத்து நாளில் அறிக்கை வந்தது. குறைகள் இரண்டு பக்கம். குழாய்க்குப் போர்வை இல்லை. சில நாள் சுண்ணாம்பு கூடுதல். உப்பு அப்படியே நிற்கிறது, அதை எடுக்க வேறு வழி தேட வேண்டும். ஆனால் சாயம் நீங்குகிறது, தினசரிப் பதிவு இருக்கிறது, பதிவு நம்பத்தக்கது என்றும் எழுதியிருந்தது. ஹாலந்துக்காரர்கள் குறைகளைச் சரிசெய்ய ஒரு வருஷம் கெடு கொடுத்து, ஆர்டரையும் கொடுத்தார்கள். முப்பது பேரும் தப்பித்தார்கள்.

நாச்சிமுத்து சேதியைச் சொல்ல நேராகத் தொட்டிக்குத்தான் ஓடினார். சொல்லி முடித்து, இருவரும் சிரித்து முடித்த பிறகு, பலகையைப் பார்த்தார். சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு பாட்டில் மட்டும் சாயமே ஏறாத வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர் பளிங்காக இருந்தது.

"இதென்ன மாரக்கா, வெள்ளை?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அது அன்னிக்கு லாரியில வந்த தண்ணிங்க. ஒரு நாளும் உடாம வெச்சுட்டு வாறனுங்களா, அந்த நாளை மட்டும் எப்படிங்க உடறது? எறியச் சொன்னீங்கன்னா எறிஞ்சுபோடறனுங்க."

நாச்சிமுத்துவுக்கு மறுபடியும் காது மடல் சூடேறியது. "வேண்டாம். இருக்கட்டும். நான் சொன்னாலும் எறியாதே" என்றார்.

குழாய்க்குப் போர்வை சுற்றினார்கள். ஆட்கள் முனகியதால் ஆறடி மட்டும் சோற்றுக்கென்று வெறுமனே விட்டார்கள். அதற்கு ராக்கையாவிடம் முறையாக அனுமதியும் வாங்கினார் நாச்சிமுத்து. மற்றப் பாட்டில்களில் மாதம் திரும்பினால் பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் ஏறியது. வெள்ளைத் துணி பாட்டில் மட்டும் அப்படியே இருந்தது.

தை மாசம் ஹாலந்துக்காரரே நேரில் வந்தார். கூட ராக்கையாவும் வந்திருந்தார். பாட்டில் வரிசையைப் பார்த்து அந்த வெள்ளைக்காரருக்கு ஏக சந்தோஷம். ஒவ்வொரு துணியாகத் தொட்டுத் தொட்டு நிறத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டே வந்தவர், வெள்ளைத் துணியில் வந்து நின்றார். அன்றைக்கு என்ன சாயம் போட்டீர்கள் என்று கேட்டார்.

ராக்கையா அண்ணாந்து மேலே பார்த்தார். மாரக்காள் துடுப்பை எடுத்துக்கொண்டு தண்ணீரைக் கலக்கப் போய்விட்டாள். நாச்சிமுத்து அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தார்.

"ராக்கையா, இதை நான் சொல்றனுங்க. நீங்க அப்படியே இங்கிலீஷுல சொல்லிப்போடுங்க, ஒண்ணையும் உடாம" என்று சொல்லிவிட்டு, அவினாசிப் பக்கமிருந்து வந்த இரண்டு லாரித் தண்ணீரிலிருந்து ஆரம்பித்தார்.