ஒன்றுமில்லை என்று சொன்னவன்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலை செய்யும் இடத்தில் எல்லாம், "பொண்டாட்டி முழுகாம இருக்கா, உள்ளங்கையில வச்சுத் தாங்குறேன்" என்று அளந்துகொண்டிருப்பான். உண்மையில் ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட மனைவியோடு ஆஸ்பத்திரிப் படி ஏறியதில்லை. கேட்டால், "அது பொம்பளைங்க சமாச்சாரம், நான் வந்து என்ன செய்யப்போறேன்?" என்பான்.

அன்று காலை அவளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வேறு வழியில்லாமல் அவனே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீரில் கிருமி, ஊசி போட்டுப் படுக்க வைக்க வேண்டும் என்றார்.

நர்ஸம்மா கட்டிலுக்கு வந்த நேரம் அவன் போனில் இருந்தான். "நாலாவது மாடிக் கதவா? அதுக்குப் போன வருஷம் ஆறாம் மாசம்தான் ரோலர் மாத்தினேன் சார். கயிறு போட்டு மூணு வருஷம் ஆச்சு. எல்லாம் எனக்கு மனப்பாடம்."

போனை வைத்ததும் நர்ஸம்மா கேட்டார். "எத்தனை வாரம்?"

"ஏழு மாசம்ங்க."

"மாசம் கேக்கல. சரி, ரத்த வகை?"

அவன் தலையைச் சொறிந்தான். பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"லிஃப்டோட ஜாதகமே சொன்னீங்களேய்யா!" என்றார் நர்ஸம்மா. "இதையாவது சொல்லுங்க. ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா?"

இதற்கும் தெரியாது என்றால் மானம் போய்விடும் என்று தோன்றியது. நெஞ்சை நிமிர்த்தி, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றான்.

நர்ஸம்மா மருந்துக் குப்பியை எடுத்தார். அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. "பென்சிலின் ஆகாதுங்க. முன்னாடியே ஒரு தடவை உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு."

குப்பி தட்டுக்குத் திரும்பிப் போனது. நர்ஸம்மா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டாக்டரிடம் கேட்டு வேறு மருந்து கொண்டுவரப் போய்விட்டார்.

அவனுக்கு நினைவு வந்தது. தடிப்பு வந்த அன்று அவள் கையை நீட்டிக் காட்டியிருந்தாள். அவன் போனிலிருந்து கண்ணெடுக்காமல், "கொசு கடிச்சிருக்கும்" என்றான்.

அவள் பையிலேயே கிடந்த, நர்ஸம்மாவிடம் எடுத்துக் கொடுக்கத் தோன்றாத பரிசோதனை ஃபைலை வராந்தாவில் உட்கார்ந்து பிரித்தான். பென்சிலின் ஆகாது என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் 'உடன் வந்தவர்' என்று ஒரு கட்டம். தனியாக. தனியாக. பக்கத்து வீட்டு அக்கா. மறுபடி தனியாக. யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்களோ என்று ஃபைலை மூடி மடியில் அணைத்துக்கொண்டான்.

நர்ஸம்மா திரும்பி வந்தபோது எழுந்து நின்றான். "எனக்குத் தெரியாதுங்க. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு இல்லைன்னு சொல்லிட்டேன்."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. இங்க என்ன பரீட்சையா நடக்குது? கேள்வி கேக்குறது அந்தம்மா உயிருக்காக."

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கஞ்சி ஊட்டப்போனவனிடமிருந்து கிண்ணத்தை வாங்கி அவளே குடித்தாள். "கோவமா?" என்று கேட்டான்.

"கோவம் இல்லங்க. நீங்க அவ்வளவு உறுதியா 'ஒண்ணும் இல்ல'ன்னதும் எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துருச்சு, நாமதான் தப்பா நினைச்சுட்டமோன்னு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வாய மூடிட்டு இருந்திருப்பேன்."

அவன் காலிக் கிண்ணத்தை வாங்கிக் கழுவப் போனான்.

அடுத்த பரிசோதனைக்கு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடவே போனான். வரிசையில் பெண்களுக்கு நடுவே கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தான். "ஃபைலைக் குடு, நான் வச்சிருக்கேன்" என்று கையை நீட்டினான்.

அவள் சிரித்தாள், ஆனால் கொடுக்கவில்லை. "இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நாள் நானே வச்சுக்கிறேன்."

அவன் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டான்.