பன்னிரண்டு டெராஃப்ளாப்

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தொழிலில் ஒரு குறும்பு உண்டு. கண் பரிசோதிக்கும்போது நடுவில் ஒருமுறை லென்ஸை மாற்றாமலே 'டக்'கென்று சத்தம் மட்டும் கொடுத்து, “இப்ப எப்படி இருக்கு?” என்பார். வந்தவர் பார்த்துச் சொல்கிறாரா, வாய்க்கு வந்ததைச் சொல்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான். பாதிப் பேர், “ஆகா, இப்பத்தான் பளிச்சுன்னு இருக்கு” என்பார்கள். சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கடையில் கூடமாட உதவும் மனைவிக்கு அந்தக் கதை மனப்பாடம்.

அப்படிப்பட்டவருக்கு வீட்டுக்குள்ளேயே வம்பு வந்தது. மாடியில் குடியிருக்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வெள்ளை நிறத்தில் ஒரு கேம் பெட்டி வாங்கி வந்துவிட்டான். ஹாலில் இருக்கும் பெரிய டிவி இரண்டு குடும்பமும் சேர்ந்து வாங்கியது. அதன் கீழே ஒரு பெட்டிக்குத்தான் இடம். அங்கே இதுவரை இவருடைய கறுப்புப் பெட்டி ராஜாங்கம் செய்துகொண்டிருந்தது. கடையை மூடிவிட்டு வந்து அதில் கொஞ்ச நேரம் கார் ஓட்டாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது.

“மாமா, உங்களோடது பத்து டெராஃப்ளாப். என்னோடது பன்னிரண்டு.”

“நம்பரை வச்சு நாக்கு வழிக்கவா? என் பெட்டியோட வேகம் தெரியுமா மாப்ளே? நீ மூச்சு விடுறதுக்குள்ள என் கார் ரோட்டுல நிக்கும்.”

“டெராஃப்ளாப்னா என்னடா?” என்றாள் அக்கா.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “பவர்க்கா” என்றான் தம்பி. “ஒரு மாதிரி பவர்” என்றார் கணவர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒற்றுமை.

ஞாயிற்றுக்கிழமை போட்டி வைத்தார்கள். இரண்டு பெட்டியும் டிவியில் இணைந்தன. இரண்டிலும் ஒரே விளையாட்டு, மழையில் நிற்கும் அதே சிவப்புக் கார். ரிமோட் அக்காவிடம். அவள் பெட்டியை மாற்றும்போது கண்ணை மூடிக்கொண்டு, பிறகு திறந்து பார்த்து எது யாருடைய பெட்டி என்று சொல்லவேண்டும், தோற்றவன் பெட்டி பரணுக்குப் போகவேண்டும்.

“ஊரே என் கண்ணை நம்பித்தான் கண்ணாடி போடுது” என்று மார்தட்டினார் கடைக்காரர்.

“முதலாவது” என்றாள். பார்த்தார்கள். “மூடுங்க.” 'டக்'கென்று சத்தம். “ரெண்டாவது.”

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். “இதான் என்னோடது! மழைத்துளி ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுது. முதல்ல வந்தது ஒரே மசமசப்பு.”

“மசமசப்பு உங்களோடது மாமா. இது என் பன்னிரண்டு!”

பேச்சு தடித்தது. பெண் கொடுத்ததிலிருந்து பெயின்ட் அடித்தது வரை வெளியே வந்தது. அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு ரிமோட்டை மேசையில் தட்டினாள். டக்.

“நான் எதையும் மாத்தவே இல்லை. ரெண்டு தடவையும் ஓடினது ஒரே பெட்டிதான்.”

கடைக்காரர் முகத்தில் அசடு வழிந்தது. “அது... யாரோடது?”

“உங்க கண்ணுக்கே தெரியாதது எனக்கா தெரியும்? தெரியுற வரைக்கும் ரெண்டும் பரண்ல இருக்கட்டும்.”

மறுநாள் கடையில் ஒரு பெரியவர் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தார். பழக்க தோஷம், கடைக்காரர் கை வெறுமனே 'டக்'கென்றது. “இப்ப எப்படி இருக்கு?”

“அடடா, இப்பத்தான் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா தெரியுது!”

வழக்கமாக இந்த இடத்தில் மனைவியைப் பார்த்துக் கண்ணடிப்பார். இன்று அவள்தான் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாங்க” என்றார் தலையைக் குனிந்தபடி. “எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது.”