மூன்றடுக்குக் கடல்

பவளங்களைக் கொன்றது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மோட்டாரையும் கரண்டையும் சந்தேகப்பட்டுக்கொண்டே கதையைக் கேட்பீர்கள்.

என் பெயர் தசரதன். பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது நான் கட்டிய மூன்று மாடி வாடகைக் குடியிருப்பு நிற்கிறது. குடித்தனக்காரர்களின் தண்ணீர்ச் சண்டையைத் தீர்த்துவைப்பதும், தெருவில் யார் பள்ளம் தோண்டினாலும் போய் நின்று நாலு கேள்வி கேட்பதும்தான் என் உத்தியோகம். ஊரில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பை நான் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டேன்.

எனக்கு ஒரே மகள், மாளவிகா. கடலுயிரியல் படித்தவள். மண்டபத்தில் கடலுக்குள் இறங்கிப் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் என் மனைவி தையல்நாயகிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. "கொஞ்ச நாளைக்கு வந்துட்டுப் போம்மா" என்று மகளைக் கூப்பிட்டது நான். அந்தக் கொஞ்ச நாள் நாலு வருடம் ஆனது. தையல்நாயகி போய்ச்சேர்ந்தாள். அதற்குள் மகளின் வேலையும் போய்விட்டது. பெருங்களத்தூரில் ஒரு பயிற்சி மையத்தில், டாக்டர் கனவோடு வரும் பிள்ளைகளுக்குத் தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று சொல்லிக்கொடுக்கப் போனாள். வீட்டில் என்னோடு பேசுவது குறைந்துகொண்டே வந்தது. சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

போன சித்திரையில் ஒரு விளம்பரம் பார்த்தாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடல் உயிர்க் காட்சிச்சாலை ஒன்று வரப்போகிறது, பவளப் பிரிவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று. எழுதிப் போட்டாள். ஐந்து வருடம் துறையில் இல்லாதவளை எப்படி எடுப்பது என்று அவர்கள் தயங்கினார்கள். கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். சொந்தக் கையால் ஒரு பவளத்தொட்டி கட்டி, ஆறு மாதமாவது உயிரோடு வைத்திருந்து காட்ட வேண்டும். மாசியில் நேரில் வந்து பார்ப்பார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் படம் போட்டுக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மூன்று அடுக்கு. மேலே ஆழமில்லாத தொட்டி, அதில் அலையாத்திச் செடிகளும் கடற்பாசியும். நடுவில் பெரிய தொட்டி, பவளத்துக்கு. கீழே தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டி. மேலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து கீழுக்கும் தண்ணீர் தானாக வழியும். கீழிருந்து ஒரு மோட்டார் திரும்ப மேலே ஏற்றும்.

"மூணு தொட்டியா தெரியும், ஆனா ஒரே தண்ணிப்பா" என்றாள். ஒரு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஹாலில் சோபாவைத் தூக்கி எறியச் சொன்னேன். முடிச்சூர் சாலையில் வெல்டிங் கடை வைத்திருக்கும் சக்திவேல் வந்து இரும்புச் சட்டம் அடித்தான். "இன்னா சார், வூட்டுக்குள்ளயே கடல் கட்டிகினு கீறீங்க, சுனாமி வந்தா இன்னா பண்ணுவீங்க" என்று கிண்டல் பண்ணினான். கண்ணாடிகளை ஒட்டிய நாட்களில் வீடு முழுக்கப் பசையின் காடி நாற்றம் அடித்தது. நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன், மட்டம் பார்த்தேன், அவள் திட்டினால் வாங்கிக்கொண்டேன். "அப்பா, அதைத் தொடாதீங்க. அப்பா, இதைப் பிடிங்க." நாள் முழுக்க அப்பா, அப்பா. எனக்கு அது போதும் என்று இருந்தது.

தண்ணீர் நிரப்பும்போதுதான் முதல் தகராறு. அவள் குறித்த நாள் ஆடியில் விழுந்தது. ஆடியில் யாராவது புதுத் தண்ணீர் விடுவார்களா? அது மட்டுமல்ல. எங்கள் வம்சத்தில் கிணறு வெட்டினாலும், போர் போட்டாலும், தரைக்கடியில் தொட்டி கட்டினாலும், முதல் தண்ணீரில் பூஜை பண்ணின செப்புத் தகடு ஒன்றைப் போடுவோம். போட்ட எந்தக் கிணறும் வற்றியதில்லை என்று எங்களுக்குள் ஒரு பெருமை.

"மஞ்சள் கூடாது, குங்குமம் கூடாது, பூ கூடாது. எதுவுமே உள்ள போகக் கூடாதுப்பா" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். வடிகட்டிய தண்ணீரில் மூட்டை மூட்டையாகக் கடல் உப்பைக் கரைத்து, ஆடி வெள்ளியும் அதுவுமாக நிரப்பினாள்.

ஐப்பசிக்குள் அந்தத் தொட்டிக்கு உயிர் வந்துவிட்டது. கல்பவளத்தை வீட்டில் வைக்கச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் பில்லோடு வாங்கிய மென்பவளங்கள், காளான் பவளங்கள், பூப்போல விரியும் அனிமோன் இரண்டு, சிவப்புக் கோடு போட்ட இறால்கள், நத்தைகள், ஒரு ஜோடி கோமாளி மீன். காலையில் விளக்கு எரிந்ததும் பவளங்கள் ஒவ்வொன்றாக விரியும். குடித்தனக்காரர்கள் வாடகை கொடுக்க வரும் சாக்கில் எட்டிப் பார்ப்பார்கள். மாளவிகா ஒவ்வொரு நாளும் உப்பளவு, சூடு எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இறால் பழைய ஓட்டைச் சட்டை போலக் கழற்றுவதைக் காட்டினாள். அவள் தோள் என் தோளில் பட்டது. அந்தச் சந்தோஷத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் என்று பயம்.

தை மாதத்தில், மாசி பதினைந்தாம் தேதி வருகிறோம் என்று காட்சிச்சாலைக்காரர்களிடமிருந்து தகவல் வந்தது. அதே வாரம் ஒரு அனிமோன் இடம் மாறிப் போய் ஒரு மூலையில் சுருங்கிக்கொண்டது. "அது அப்படித்தான்பா, நகரும்" என்றாள் மகள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆடியில் நிரப்பியது, தகடு போடாதது, இரண்டும் சேர்ந்து உறுத்தின. கோயிலில் காசு கொடுத்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு எழுதி வாங்கினேன்.

அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. குங்குமம் கூடாது என்றாளே. புளி போட்டுத் தேய்த்தேன். பொட்டு இல்லாமல், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல், தங்கம் போல மின்னும் வரைக்கும் தேய்த்தேன். செம்பில் என்ன கெடுதல்? நானே தினமும் காலையில் செப்புச் சொம்புத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன், உடம்புக்கு நல்லது என்று. தை மூன்றாம் வெள்ளிக்கிழமை அவள் வகுப்புக்குப் போன பிறகு, கீழ்த்தொட்டியின் மணலில், யார் கண்ணிலும் படாத மூலையில் தகட்டைப் புதைத்தேன். கும்பிட்டேன். "என் பொண்ணை ஜெயிக்க வை" என்று மட்டும்தான் கேட்டேன்.

நாலாம் நாள் நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்தன. அப்புறம் இறால்கள். பவளங்கள் காலையில் விரிவதை நிறுத்தின. ஒரு அனிமோன் கரைந்து சளியாகிப்போனது. மீன்கள் மட்டும் ஒன்றும் ஆகாதது போல சுற்றிவந்தன.

"அப்பா, தண்ணியில ஏதாச்சும் போட்டீங்களா?"

"மஞ்சள், குங்குமம் ஒண்ணும் போடலையேம்மா" என்றேன். சத்தியமாக அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. தகடு சாமி காரியம். அதைத் தண்ணீரில் 'போட்ட' சாமான்களில் நான் சேர்க்கவே இல்லை.

அவள் எங்கிருந்தோ ஒரு புதுச் சோதனை மருந்து வரவழைத்தாள். கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் நிறம் மாறியது. "செம்பு" என்றாள். "மீன் தாங்கும். பவளம், இறால், நத்தை எதுவும் தாங்காது. துளி போதும். ஆனா எங்கேருந்து வருது?"

எனக்குத் தகடு ஞாபகம் வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒயர் இணைப்பு அவளே போட்டது, எங்கோ செம்பு தண்ணீரில் படுகிறது என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருகாகக் கழற்றினாள். "என் தப்புதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அவள் வகுப்புக்குப் போனதும் மணலைக் கிளறினேன். தகடு பச்சை பூத்திருந்தது. துணியில் சுற்றிக்கொண்டு போய் ஏரியில் எறிந்தேன். எடுத்துவிட்டேன், இனி சரியாகிவிடும் என்று நம்பினேன். அவள் மூன்று முறை தண்ணீரை மாற்றினாள். சரியாகவில்லை. கல்லும் மணலும் செம்பைக் குடித்துவிட்டிருந்தன. மாற்றிய தண்ணீரிலும் அது கசிந்துகொண்டே இருந்தது. அடுத்து வந்த ஒரு வாரத்தில் மிச்சமிருந்தவையும் போயின.

தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டுப் பார் என்றேன். மாட்டேன் என்றாள். "செத்துப்போச்சுன்னு காட்டுறேன். மறைக்க மாட்டேன்."

மாசி பதினைந்தாம் தேதி ஜெரூஷா என்ற அம்மையார் வந்தார். பவளப் பிரிவுக்குத் தலைமை. நாற்பத்தைந்து வயது இருக்கும், மரியாதையான பேச்சு. மூன்று அடுக்கையும் குனிந்து நிமிர்ந்து பார்த்தார். நோட்டை ஒரு பக்கம் விடாமல் புரட்டினார். நான் காபித் தட்டோடு வந்து நின்றேன்.

"டிசைன் ரொம்ப நல்லா இருக்கு மாளவிகா. ரெக்கார்டும் சுத்தமா இருக்கு" என்றார். "தொட்டி சாகறது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. எங்க எல்லார் கையிலயும் செத்திருக்கு. ஏன் செத்துச்சுன்னு தெரிஞ்சா போதும். அதைச் சொல்லுங்க, நான் இன்னைக்கே கையெழுத்துப் போடறேன். செம்பு எங்கேருந்து வந்துச்சு?"

மாளவிகா தொட்டியைப் பார்த்தாள். "தேடிட்டேன் மேடம். எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்துட்டேன். தெரியலை."

"யாராவது ஏதாவது போட்டிருப்பாங்களா?"

"இல்லை மேடம். வீட்ல நானும் அப்பாவும்தான். அப்பா போட மாட்டார்."

என் வாய் திறக்கவில்லை. வெட்கம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வெளி மனுஷி முன்னால், படித்தவர் முன்னால், தகடு எழுதிப் புதைத்த பட்டிக்காட்டான் என்று நிற்க வெட்கம். அதற்கு மேல், ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டு, ஏரியில் வேறு எறிந்துவிட்டு, இப்போது எந்த முகத்தோடு சொல்வது. "காபி ஆறிடும், எடுத்துக்குங்க" என்றேன். தெருவில் எவன் பள்ளம் தோண்டினாலும் கேள்வி கேட்கிற வாயில் அவ்வளவுதான் வந்தது.

ஜெரூஷா அம்மையார் கிளம்பும்போது மகளின் கையைப் பிடித்து, "காரணம் தெரியாம அங்கே ஆயிரம் உயிரை உங்ககிட்ட ஒப்படைக்க எனக்குத் தைரியம் இல்லைம்மா. தப்பா நினைக்காதீங்க" என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர்கள் முடிவு மெயிலில் வந்தது. "கிடைக்கலைப்பா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, கோமாளி மீன் இரண்டையும் வாங்கின கடைக்கே கொடுக்க ஒரு பையில் பிடித்துப்போட ஆரம்பித்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஆடி, அனிமோன், தகடு, புளி, ஏரி, எல்லாம். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. பையில் முடிச்சுப் போட்டு முடித்தாள்.

"எப்ப எடுத்தீங்க?"

"அவங்க வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடி."

பையை மேஜை மேல் வைத்தாள். பிறகு, கோபம் துளிகூட இல்லாத குரலில் சொன்னாள்: "தகடு தெரியாமப் போட்டது. அதை விடுங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு அவங்க கேட்டப்ப நீங்க என் பக்கத்துலதானேப்பா நின்னீங்க."

"நின்னேன்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். மீன் பையையும் வகுப்புப் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு நாலு மணி வகுப்புக்குக் கிளம்பினாள்.