ரிக்கென்சா சீமாட்டியின் நொண்டி

எங்கள் ஊர் ரோடன்ஹைமுக்கு அவசரமாக ஒரு புனிதர் தேவைப்பட்டார். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களிடம் விசுவாசத்துக்காக உயிர்விட்ட ஏதோ ஒரு வேதசாட்சியின் முழங்கை எலும்பு இருந்தது. வெறும் முழங்கையைக் காட்டியே சத்திரம் சத்திரமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களிடமோ ரிக்கென்சா சீமாட்டி முழு உடம்பாகவே கல்லறையில் கிடந்தாள். இருந்தும் எங்கள் சத்திரத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம்.

சீமாட்டியின் தவ வாழ்வில் யாரும் குறை காண முடியாது. சாக்குத் துணிதான் உடுத்துவாள். சாக்கு உடம்பை அறுக்காமலிருக்க உள்ளே பட்டு வைத்துத் தைத்திருந்தது. தபசு காலம் முழுக்க இறைச்சியைத் தொடமாட்டாள். தண்ணீரில் வாழ்வதெல்லாம் மீன்தான் என்று மடத்துச் சாமியார் தீர்ப்புச் சொல்லியிருந்தபடியால், ஆற்றில் அணை கட்டும் பீவரின் கொழுத்த வாலை வெண்ணெயில் வதக்கித் தின்று காலத்தை ஓட்டினாள். இவ்வளவு கடுமையான விரதத்தில் அவள் எப்படி இவ்வளவு பருத்தாள் என்பதைத்தான் ஊரார் முதல் புதுமையாக, அதாவது தெய்வ அற்புதமாகச் சொல்வார்கள்.

பெரிய வியாழனன்று ஏழைகளின் கால்களைத் தன் கையாலேயே கழுவுவாள். அதற்கு முன்பு சலவைப் பெண்கள் அந்தக் கால்களைச் சாம்பல் தண்ணீர் விட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, லாவெண்டர் தடவி அனுப்பியிருப்பார்கள். சீமாட்டி விரல் நுனியை நனைத்துவிட்டுக் கண்ணீர் வடிப்பாள். அந்தக் கண்ணீருக்கு ஒரு தாதி துண்டோடு நிற்பாள்.

கோயிலின் வடக்கு வாசலில் அவள் போட்ட தர்மப் பலகை ஒன்று உண்டு. நடக்க முடியாதவன், பார்க்க முடியாதவன், கேட்க முடியாதவன் மட்டும் அதில் உட்காரலாம். தினமும் கறுப்பு ரொட்டியும் உப்பு மீனும் ஒரு குவளை பீரும் மடத்திலிருந்து வரும். மற்றவனுக்கு ஒரு துணுக்குகூடக் கிடையாது. அது சீமாட்டி வைத்த விதி. நான் அதில் குருடன். பக்கத்தில் நொண்டி டீட்மர். செவிடன் இடம் காலி. கோயில் மணி கழன்று விழுந்தபோது விலகச் சொல்லி எல்லோரும் கத்தினோம். தொழிலில் அவ்வளவு கறாரான ஆள், அசையவே இல்லை.

டீட்மரின் காலில் என்ன குறை என்று நான் கேட்டதில்லை. என் கண்ணைப் பற்றி அவனும் கேட்டதில்லை. பலகை மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

ஒரு நாள் மடத்துத் தலைவி மெக்தில்ட் பலகைக்கு வந்தாள். சீமாட்டியின் அண்ணன் மகள்.

"டீட்மரு, பிஷப்போட ஆளு விசாரணைக்கு வர்றாரு. அத்தைக்குப் புனிதர் பட்டம் கெடைக்கணும்னா புதுமை நடக்கணும். நீ கல்லறையத் தொட்டுட்டு எழுந்து நடக்கற."

"நடந்துடறேன் தாயே. மறுநா ரொட்டி?"

"நடக்கறவனுக்கு எதுக்குடா ரொட்டி? அத்தை வச்ச விதி."

"அப்ப நடக்க மாட்டேன்."

"நொண்டிக்கா இந்த ஊர்ல பஞ்சம்? நாளைக்கே வேற ஒருத்தன ஒக்கார வச்சுடுவேன்."

அவள் போனதும் டீட்மர் என் பக்கம் திரும்பினான். "கெழவா, நடந்தாலும் பட்டினி, நடக்கலேன்னாலும் பட்டினி. இவ அத்தையே தேவலாம்டா."

"அவ காலத்துல மட்டும் என்னத்த வாழ்ந்த?"

"காலு சுத்தமா இருந்துச்சு."

விசாரணைக் குரு புர்க்கார்டு வந்தார். பெரிய படிப்பாளி. எனக்குக் கண் தெரியாது என்பதால் மிக அருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். டீட்மர் கல்லறையைக் கட்டிப்பிடித்தான், நடுங்கினான், ஊன்றுகோலை வீசினான். அது ஒரு கன்னியாஸ்திரியின் தோளில் பட்டு அவள் போட்ட அலறலைக் கூட்டம் பரவசம் என்று எடுத்துக்கொண்டது. அவன் கல்லறையைச் சுற்றி நடந்தான். மறுபடி மாட்டியிருந்த மணி அடித்தது. பால்காரி ஒருத்தி மயங்கி விழுந்தாள்; யாரும் கவனிக்கவில்லை என்றதும் எழுந்து மறுபடி மயங்கினாள்.

டீட்மர் வாசல்வரை நடந்து வந்தான். பலகையைக் கண்டதும் தடாலென்று விழுந்தான்.

"என்னப்பா ஆச்சு?" என்று குரு ஓடி வந்தார்.

"புடுங்கிக்கிட்டாங்க சாமி! நடக்கறவனுக்கு ரொட்டி இல்லேன்னு சீமாட்டி விதி வச்சாங்க. அந்த விதியால ஒரு ஏழை பட்டினி கெடக்கக் கூடாதுன்னு, குடுத்த காலத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. என்னா இரக்கம்! என்னா இரக்கம்!"

மெக்தில்டின் முகம் வேகவைத்த முட்டைக்கோஸ் போலாயிற்று. குரு விரலை மடக்கி எண்ணினார்.

"காலக் குடுத்தது ஒரு புதுமை, எடுத்தது இன்னொண்ணு. பட்டத்துக்கு ரெண்டு வேணும்னுதான் நானும் கவலப்பட்டுக்கிட்டிருந்தேன்."

இப்படியாக ரிக்கென்சா புனிதையானாள். ஒவ்வொரு திருநாளிலும் டீட்மர் கல்லறையிலிருந்து பலகைவரை நடந்தான், விழுந்தான், ரொட்டி தின்றான். குணமானவன் வீசிய ஊன்றுகோலைக் கோயில் சுவரில் மாட்டுவது வழக்கம். மடத்துத் தச்சன் அவனுக்கு வருடந்தோறும் புதிது செய்து கொடுத்தான். சுவர் நிறைந்தது. "எத்தன நொண்டிங்க பொழச்சிருக்காங்க பாரேன்!" என்று யாத்திரிகர்கள் வாய் பிளந்தார்கள். அத்தனையும் ஒரே அக்குளில் தேய்ந்தவை. எங்கள் சத்திரங்களில் படுக்க இடமில்லை. அந்தப் பக்கத்து முழங்கையைச் சீந்துவாரில்லை.

பிறகு டீட்மர் கிழவனானான். முழங்கால் பூசணிக்காய் போல் வீங்கியது. அந்தத் திருநாளில் அவனால் எழவே முடியவில்லை. கூட்டம் காத்திருந்து முணுமுணுத்தது. மெக்தில்ட் தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

"நெசமாவே நடக்க முடியலையாடா?"

"சத்தியமா முடியல தாயே."

"அப்ப நீ இந்தப் பலகைக்கு லாயக்கில்ல. நல்ல காலுள்ள நொண்டியாப் பாத்து நான் வச்சுக்கறேன். எழுந்து போ."

டீட்மர் கையைக் காதருகே குவித்தான். "என்ன தாயே?"

"எழுந்து போன்னேன்!"

"சத்தமாச் சொல்லுங்க. செவிடன்."

சொல்லிவிட்டு, காலியாயிருந்த செவிடன் இடத்துக்கு உட்கார்ந்தபடியே நகர்ந்தான். விதி விதிதான், அதுவும் புனிதை வைத்த விதி. மெக்தில்ட் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். எதையும் வீணாக்குகிற குடும்பமில்லை அது. யாத்திரிகர்கள் காதில் விழாதபடி, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கிசுகிசுத்தாள்:

"அடுத்த திருநாளைக்குக் கேக்குமா?"

டீட்மர் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "பாக்கலாம் தாயே. சீமாட்டி மனசு வைக்கணும்."