கடைசி வரிசையில் முதலாளி

பயணியின் துன்பத்தைத் தன் உடம்பால் அறிபவனே உண்மையான முதலாளி. கடத்தூர் பஸ் கம்பெனி முதலாளி மாதவராஜ் அதை அறிவதற்காக, கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு மொரப்பூரில் தன் பஸ்ஸிலேயே ஏறினார். நாலு டிக்கெட் கிழித்ததற்கே தலை சுற்றி, கடைசி சீட்டில் உட்கார்ந்தார். முழங்கால் முன்சீட்டில் சிக்கிக்கொண்டது.

பஸ் கடத்தூர் வந்து நின்றது. கண்டக்டராக வந்த முதலாளியைப் பாராட்ட ஊழியர்கள் மாலையோடு காத்திருந்தார்கள். அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

“எந்த மகராசன் இப்படி நெருக்கிச் சீட்டுப் போட்டானோ!” என்று பக்கத்துச் சீட்டு ஆரோக்கியம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“நாந்தாங்க போட்டேன். நீங்க நல்லா இருக்கணும். நாளைக்கே ஒரு வரிசையைக் கழட்டிடறேங்க” என்றார், கண் கலங்க.

“மொதல்ல எந்திரிங்க!”

எழுந்தார். அவளைக் கும்பிட்டுவிட்டு இறங்கி மாலையை வாங்கிக்கொண்டார். இடதுகால் செருப்பு சீட்டுக்கடியிலேயே இருந்தது.