பச்சை நைலான்

ஏரியில் கூடு கட்டும் பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்குக்கூட ஒரு ஊசிப்பட்டாசு கொளுத்தாத ஊர் அது. அதைத் தியாகம் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. நாரைகளின் எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல்லுக்கு உரமே வேண்டாம். கரைக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் பார்த்திபன் மட்டும் ஒரு படி மேலே போவான். காட்டுப்பன்றி வேர்க்கடலையைத் தோண்டியபோது, வெடி போடாமல் பச்சை நைலான் வலை கட்டினான். வலை கந்தலான பிறகு, புகை பறவைகளுக்கு ஆகாதென்று கொளுத்தாமல் கரையோரம் சுருட்டிப் போட்டான். யாராவது கேட்டால் இதையெல்லாம் கொஞ்சம் பெருமையாகவே சொல்வான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரையில் பட்டாபிராமன் தொலைநோக்கியோடு நின்றிருந்தார். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பறவை சீசனில் வாராவாரம் வந்துவிடுவார். வயலுக்குப் போய்க்கொண்டிருந்த பார்த்திபனைக் கூப்பிட்டார்.

"இங்க கொஞ்சம் வந்து பாருங்கோ. எனக்கு மனசே சரியில்லை."

ஏரி நடுவே கடம்ப மரத்தில் நத்தைகுத்தி நாரையின் கூடு. கூட்டுக்குக் கீழே ஒரு குஞ்சு ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கியது. சிறகடித்து எழப் பார்க்கும், முடியாமல் மறுபடி தொங்கும். காலைச் சுற்றிப் பச்சை நூல். நூலில் ஒரு துண்டு சிவப்பு ரிப்பன்.

வலை கிழிந்த இடங்களைப் பார்த்திபனின் மனைவி ரேணுகா சிவப்பு ரிப்பனால்தான் முடிந்திருந்தாள். அவன் கரையிலேயே சற்றுத் தள்ளி நின்ற சரணாலயக் காவலாளி கண்ணாயிரத்திடம் ஓடினான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

"மச்சான், தண்ணி இடுப்பளவுதான் கீது. நான் எறங்கி அறுத்து வுட்டுட்டு வந்துடறேன்."

"இன்னா பேசற? நீ எறங்குனா மொத்த மரமும் எயிந்து பறக்கும். காக்கா அதுக்குத்தான் காத்துகினு கீது. ஒரு முட்ட மிஞ்சாது."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது மச்சான்."

அவன் வீம்புக்குச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சொன்னது அத்தனையும் உண்மை.

தாய் நாரை நத்தையோடு வந்தது. கூட்டிலிருந்த மற்ற குஞ்சுகளுக்கு ஊட்டிவிட்டுப் போனது. தொங்கிய குஞ்சும் அலகைத் திறந்து திறந்து மூடியது. வெயில் ஏறியபோது அதன் சிறகு அசையவில்லை. பட்டாபிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மிச்ச வலையையாவது அள்ளிவிடலாம் என்று பார்த்திபன் கரையோரம் இறங்கி ஓடினான். சுருட்டிப் போட்ட இடத்தில் கைப்பிடி அளவுதான் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

"அது என் வலை, மச்சான்," என்றான்.

கண்ணாயிரம் அவன் கையையே பார்த்தான். 

பார்த்திபன் குனிந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்து மெல்லத் திருப்பினான். பக்கத்துக் கூட்டில் பச்சை. அதற்கடுத்ததிலும் பச்சை. கோடியில் இருந்த மரத்தில் ஒரு நாரை, பச்சை நூலொன்றை அலகில் பிடித்து, முட்டைகளைச் சுற்றிப் பதமாகச் செருகிக்கொண்டிருந்தது.