மண்டபமே எழுந்து நின்றது

பி.டி. மாஸ்டராக இருந்து ரிடையரான தனராஜுக்குப் பீற்றிக்கொள்ள ஒரே ஒரு விஷயம்தான் உண்டு. 1986 டிசம்பரில், சித்தூர் மிஷன் ஹாலில், அவருடைய ராக் பேண்ட் வாசிக்கத் தொடங்கியதும் மண்டபமே எழுந்து நின்றதாம். நாலு பேர் கூடினால் போதும், அந்தக் கதையை அவிழ்த்துவிடுவார்.

மனைவி யூனிஸ் அப்போது வாயே திறக்க மாட்டாள். அன்று அவளும் அந்த ஹாலில் இருந்தாள், நர்சிங் மாணவிகளோடு. இதை அவரிடம் சொன்னதே இல்லை. ஜனங்கள் எழுந்தது உண்மைதான், ஆனால் ராக்குக்காக இல்லை. பாட்டு மெதுவாக ஆர்கனில் ஆரம்பித்தது. ஆர்கன் சத்தம் கேட்டால் நம் சபையாருக்குக் கால் தானாக எழும்பிவிடும். ஆரம்ப ஜெபம் என்று நினைத்து மொத்தக் கூட்டமும் எழுந்து, தலை குனிந்து, கண்ணை மூடிக்கொண்டது. டிரம்ஸ் அதிர்ந்த பிறகுதான் விஷயம் புரிந்து, பாஸ்டரம்மா முதல் ஆளாக உட்கார்ந்தார். இதைச் சொல்லி அந்த மனுஷனின் ஒரே பெருமையை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று யூனிஸ் இத்தனை வருஷம் கமுக்கமாக இருந்துவிட்டாள்.

இப்போது திருப்பதி மியூசியத்தில் ராக் இசைப் புகைப்படக் கண்காட்சி. அதில் அந்த நாள் படமும் இருக்கிறதாம், நண்பர் ஆண்ட்ரூ போன் செய்து சொன்னார். பஸ் ஏறியதிலிருந்தே யூனிஸுக்கு ஒரே கவலை. மூடிய கண்கள் படத்தில் தெரிந்துவிடுமே.

தனராஜ் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நிதானமாக நின்றார். மைக்கைக் கடித்துவிடுவதுபோலப் பாடுகிற ஒருவர், வியர்வையில் குளித்த டிரம்மர், ஸ்பீக்கர்மேல் ஏறி நிற்கிற ஒருவர். யூனிஸ் அதற்குள் விறுவிறுவென்று நடந்து சித்தூர் படத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். மேடைக்குப் பின்னாலிருந்து எடுத்தது. கிடார் மாட்டிய தனராஜின் முதுகும் நீண்ட தலைமுடியும், எதிரே வரிசை வரிசையாகக் குனிந்த தலைகளும். முந்தானையை விரித்துக்கொண்டு அதன் முன்னால் நின்றாள்.

"கொஞ்சம் நவுரு," என்றார் தனராஜ்.

"கால் வலிக்குதுங்க. டீ குடிச்சிட்டு வந்து பாக்கலாமே."

அவர் சிரித்துக்கொண்டே அவளை மெல்ல நகர்த்திவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். யூனிஸுக்குத் தாங்கவில்லை.

"ஜெபம்னு நெனச்சிக்கினுதான் எல்லாரும் எழுந்து நின்னாங்க. நானும் அங்கதான் இருந்தேன். உங்க மனசு நோவுமேன்னு சொல்லல."

"எனக்குத் தெரியாதா? மேடைல நின்னு பாத்தவன் நான். ஒருத்தர் ஆமென் கூட சொன்னாரு."

"அப்புறம் ஏன் ஊர் பூரா அளந்துக்கினு இருக்கீங்க?"

அவர் மூன்றாவது வரிசையைக் காட்டினார். வெள்ளைச் சீருடையில் ஒரு ஒல்லிப் பெண். குனிந்த அத்தனை தலைகளுக்கு நடுவில் அவள் மட்டும் நிமிர்ந்து, விழி அகல மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொண்ணு யாருன்னு விசாரிச்சிதான் உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தேன். நானும் இருந்தேன்னு நீ வாயத் தொறப்பியான்னுதான் ஒவ்வொரு வாட்டியும் அந்தக் கதைய எடுத்தேன்."

யூனிஸுக்கு அந்த வயதிலும் முகம் சிவந்துவிட்டது.

"நான் கிடாரத்தான் பாத்தேன்," என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.